ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டரின் அறுபதுகள்: அமெரிக்க அரசியல் குறித்த எழுத்துகள் – ஒரு மதிப்பீடு

ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் (ஆகஸ்ட் 6, 1916 – அக்டோபர் 24, 1970) அமெரிக்க வரலாற்றாசிரியர், கட்டுரையாளர், பேராசிரியர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1946 முதல் இறக்கும் வரை வரலாறு கற்பித்தார். இரண்டு முறை புலிட்சர் பரிசு பெற்றார். 1963 முதல் 1970 வரை அவர் எழுதிய நூல்கள், அமெரிக்க அரசியல் கொந்தளித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தக் கொந்தளிப்பின் வேர்களை வரலாற்றில் தேடியவை. இக்கட்டுரை அந்த எட்டு ஆண்டு எழுத்துகளை மதிப்பிடுகிறது.

ஹாஃப்ஸ்டாட்டரின் பெயர் இன்று பெரும்பாலும் ஒரு சொற்றொடரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. அது ‘பாரனாய்ட் ஸ்டைல்’ என்பது. தமிழில் ‘ஐயப்பித்துப் பாணி’ எனலாம். உலகத்தை ஒரு மாபெரும் சதிக்கூட்டம் இயக்குகிறது என்று நம்பிப் பேசும் அரசியல் முறைக்கு அவர் இட்ட பெயர் அது. அந்தப் பெயர் நூலைவிட வேகமாகப் பரவியது. நூலைப் படிக்காதவர்களும் எதிராளியைச் சாட அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவருடைய அறுபதுகளின் எழுத்து அந்த ஒரு சொல்லில் அடங்குவதல்ல. அவர் இறப்பதற்கு ஓராண்டு முன் வெளிவந்த வேறொரு நூல், அந்தச் சொல் எழுப்பிய கேள்விக்கு மறுமொழி போல அமைந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவருடைய சிந்தனையின் வலிமையும் குறையும் விளங்கும்.

வாழ்க்கைக் குறிப்பு

ஹாஃப்ஸ்டாட்டர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். தந்தை யூதர். தாய் ஜெர்மானிய மரபில் வந்த லூத்தரன் கிறித்தவர். பத்து வயதில் தாயை இழந்தார். பஃபலோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கொலம்பியாவில் 1942-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய இளமை 1930-களின் பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் கழிந்தது. 1938-இல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, மறு ஆண்டே விலகினார். கட்சி ஒழுங்கின்மேல் அவருக்கு ஏற்பட்ட கசப்பு, எந்த வெகுமக்கள் எழுச்சியையும் ஐயத்தோடு அணுகும் பழக்கமாகக் கடைசிவரை நின்றது.

‘அமெரிக்கச் சிந்தனையில் சமூக டார்வினியம்’ (1944), ‘அமெரிக்க அரசியல் மரபு’ (1948), ‘சீர்திருத்தக் காலம்’ (1955) ஆகியவை அவருடைய முற்கால நூல்கள். மூன்றாவது நூலுக்கு 1956-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கட்சிகள் எவ்வளவு சண்டையிட்டாலும் சொத்துரிமை, தனிமனித முயற்சி, போட்டி ஆகியவற்றில் அமெரிக்கத் தலைவர்கள் அனைவரும் ஒரே நம்பிக்கை கொண்டிருந்தனர் என்று 1948 நூலில் அவர் காட்டினார். இதனால் ‘கருத்தொற்றுமை வரலாற்றாளர்’ என்ற முத்திரை அவர்மேல் விழுந்தது. ஆனால் அவர் அந்த ஒற்றுமையைப் பாராட்டி எழுதவில்லை. குறையாகவே கண்டார்.

அறுபதுகளின் பின்புலம்

1950-களின் தொடக்கத்தில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அரசுத் துறைகளில் பொதுவுடைமையர் ஒளிந்திருப்பதாகக் குற்றஞ்சாட்டி நாட்டையே அச்சத்தில் வைத்திருந்தார். பல்கலைக்கழகங்களும் அந்த அச்சத்துக்குத் தப்பவில்லை. 1952-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற அட்லாய் ஸ்டீவன்சன் ‘அதிகம் படித்தவர்’ என்ற கேலிக்கு ஆளானார். 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அதுவரை படிப்பாளிகளைக் கிண்டல் செய்த நாடு ‘நம் பள்ளிகள் என்ன செய்துகொண்டிருந்தன?’ என்று கேட்கத் தொடங்கியது. 1958-இல் ராபர்ட் வெல்ச் என்ற மிட்டாய்த் தொழிலதிபர் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் பர்ச் சங்கத்தைத் தொடங்கினார். முன்னாள் படைத்தலைவரும் அப்போதைய குடியரசுத் தலைவருமான ஐசனாவரே பொதுவுடைமைச் சதியின் கையாள் என்று எழுதும் அளவுக்கு அவர் சென்றார். ஹாஃப்ஸ்டாட்டர் எழுத உட்கார்ந்தது இந்தச் சூழலில்தான்.

அறிவு எதிர்ப்பு மனப்பான்மை (1963)

‘அமெரிக்க வாழ்வில் அறிவு எதிர்ப்பு மனப்பான்மை’ 1963-இல் வெளிவந்தது. 1964-இல் அவருக்கு இரண்டாவது புலிட்சர் பரிசைப் பெற்றுத் தந்தது. இந்நூல் சமயம், அரசியல், வணிகம், கல்வி என்ற நான்கு களங்களில் ஒரே மனப்பான்மையைப் பின்தொடர்கிறது.

நூலின் அடிப்படையான வேறுபாடு எளிமையானது. அறிவுக்கூர்மை வேறு, அறிவுத்தேடல் வேறு என்கிறார் ஆசிரியர். கூர்மை என்பது கொடுத்த வேலையைத் திறம்பட முடிப்பது. பொறியாளரிடமும் வணிகரிடமும் அதை அமெரிக்கா எப்போதும் மதித்தது. தேடல் என்பது கொடுத்த வேலையையே கேள்வி கேட்பது. அதைத்தான் அமெரிக்கா ஐயத்துடன் பார்த்தது. இந்த வெறுப்பு தீயவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எல்லோரும் சமம் என்ற மக்களாட்சி உணர்வும், இதயத்தின் பக்தியே போதும் என்ற சமய எழுச்சியும், செய்து காட்டு என்ற நடைமுறைப் புத்தியும் நல்ல ஊற்றுகளே. அவற்றிலிருந்தே அறிவின்மேல் ஐயமும் பெருகியது. நல்லவற்றை வெட்டாமல் கெட்டதை மட்டும் எப்படி நீக்குவது என்பதே நூல் எழுப்பும் கடினமான கேள்வி.

கல்வி பற்றிய பகுதி ஆசிரியத் தொழிலில் இருப்போர் தவறாமல் படிக்க வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கா பொதுப்பள்ளியைக் கோயில்போல் போற்றியது. ஆனால் அங்கே பணியாற்றும் ஆசிரியருக்குக் குறைந்த கூலி கொடுத்தது. இளைஞர்கள் வழக்கறிஞராகவோ போதகராகவோ ஆகும்வரை தங்கிச்செல்லும் சத்திரமாக அத்தொழில் இருந்தது. பின்னர் இன்னும் குறைந்த சம்பளத்தில் பெண்கள் நியமிக்கப்பட்டனர். பேச்சில் கல்விக்குக் கொடுத்த மதிப்பைச் செலவுக் கணக்கில் கொடுக்கவில்லை என்பதை ஹாஃப்ஸ்டாட்டர் உறுதியாக நிறுவுகிறார்.

1945-க்குப் பின் பரவிய ‘வாழ்க்கைப் பொருத்தக் கல்வி’ இயக்கத்தையும் அவர் விரிவாக ஆராய்கிறார். உயர்நிலைப் பள்ளி மாணவரில் 20 விழுக்காட்டினர் கல்லூரிக்கும், 20 விழுக்காட்டினர் தொழிற்பயிற்சிக்கும் உரியவர்கள், மீதி 60 விழுக்காட்டினருக்கு இரண்டும் வேண்டாம், அன்றாட வாழ்க்கைக்கான பயிற்சி போதும் என்பது அந்த இயக்கத்தின் கணக்கு. மக்களாட்சியின் பெயரால் பேசிக்கொண்டே பெரும்பான்மைப் பிள்ளைகளால் படிக்க முடியாது என்று முடிவு கட்டிய முரண்பாட்டை அவர் வெளிக்கொண்டுவருகிறார். நூலின் மிகச் சிறந்த பக்கங்களில் இவையும் அடங்கும்.

குறையும் உண்டு. பெண் ஆசிரியர்கள் மிகுந்ததால் அமெரிக்கச் சிறுவர் மனத்தில் படிப்பு ஆண்பிள்ளைக்கு உரியதல்ல என்ற எண்ணம் பதிந்தது என்று அவர் எழுதுகிறார். ஒரு வேலையைப் பெண்கள் செய்தால் அதன் மதிப்பு ஏன் குறைகிறது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். குறைந்த சம்பளத்துக்குப் பெண்களை அமர்த்திய கல்விக் குழுக்களை விட்டுவிட்டு, வகுப்பறையில் நின்ற பெண்ணைக் காரணமாகச் சுட்டுவது நீதியாகாது. டூயியைப் பற்றிய அத்தியாயத்திலும் குருவின் கருத்துக்கும் சீடர்களின் செயலுக்கும் இடையிலான கோடு சில இடங்களில் மங்கிவிடுகிறது.

ஐயப்பித்துப் பாணி (1963–1965)

நவம்பர் 1963-இல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ஹாஃப்ஸ்டாட்டர் ஒரு நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார். அதே மாதம் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் கென்னடி டல்லஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சொற்பொழிவின் சுருக்கம் நவம்பர் 1964 ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் வந்தது. விரிவான வடிவம் 1965-இல் ‘அமெரிக்க அரசியலில் ஐயப்பித்துப் பாணி’ என்ற கட்டுரைத் தொகுப்பில் முதற்கட்டுரையாக அமைந்தது.

கட்டுரையில் வரும் ஒரு நிகழ்ச்சி அவருடைய முறையை நன்கு காட்டும். கென்னடி கொலைக்குப் பின் அஞ்சல்வழித் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா வந்தது. அதை எதிர்த்துச் சாட்சி சொல்ல அரிசோனா மாநிலத்தின் பாக்தாத் என்ற ஊரிலிருந்து மூன்று பேர் 2,500 மைல் காரோட்டி வாஷிங்டன் வந்தனர். மசோதாவை எதிர்க்க நியாயமான காரணங்கள் இருக்கலாம் என்று ஹாஃப்ஸ்டாட்டர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வந்தவர்களில் ஒருவர், இது நாட்டை ஓர் உலகப் பொதுவுடைமை அரசுக்குள் தள்ளும் சதியின் பகுதி என்று வாதிட்டார். எதிர்ப்பைவிட அந்த வாதத்தின் அமைப்பே ஆசிரியரின் ஆய்வுப்பொருள். ‘பாணி’ என்ற சொல்லை அவர் தேர்ந்ததன் காரணமும் அதுவே.

இந்தப் பாணியின் வரலாற்றை அவர் 1798-இலிருந்து தொடங்குகிறார். பவேரியாவின் இலுமினாட்டி என்ற இரகசியச் சங்கம் அமெரிக்காவைக் கவிழ்க்க வந்துவிட்டதாக ஜெடிடையா மோர்ஸ் என்ற போதகர் அவ்வாண்டு நியூ இங்கிலாந்தில் எச்சரித்தார். 1826-இல் வில்லியம் மார்கன் என்பவர் காணாமற்போனதைத் தொடர்ந்து ஃப்ரீமேசன் சங்கத்துக்கு எதிரான இயக்கம் எழுந்தது. அடுத்து கத்தோலிக்கர்மேல் அச்சம் பரவியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவர் சாமுவேல் மோர்ஸ். தந்தி கண்டுபிடித்த அதே மோர்ஸ்தான். அவர் ஜெடிடையாவின் மகன். தந்தை இலுமினாட்டியைக் கண்டு அஞ்சினார். மகன் போப்பாண்டவரைக் கண்டு அஞ்சினார். அச்சத்தின் பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை.

அந்த வடிவத்தின் கூறுகளை ஹாஃப்ஸ்டாட்டர் வரிசைப்படுத்துகிறார். எதிரி சாதாரண மனிதன் அல்லன். எல்லாம் வல்லவன், வரலாற்றையே இயக்குபவன். மோதல் நன்மைக்கும் தீமைக்கும் இடையிலானது. ஆகவே பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. எதிரியை வெறுப்பவர்களே மெல்ல அவனைப் போல ஆகிறார்கள். கத்தோலிக்கரை எதிர்த்த கூ க்ளக்ஸ் கிளான் பாதிரிமாரைப் போல அங்கி அணிந்து சடங்கு செய்தது. பொதுவுடைமையை எதிர்த்த ஜான் பர்ச் சங்கம் பொதுவுடைமையரைப் போலச் சிறு குழுக்களாக இயங்கியது.

இன்னொரு கூறு பலரையும் வியக்க வைப்பது. சதிக்கதை பேசுபவர்கள் ஆதாரமில்லாமல் பேசுவதில்லை; ஆதாரத்தைக் குவித்துக்கொண்டே போகிறார்கள். மெக்கார்த்தியின் 96 பக்கச் சிறு நூலில் 313 அடிக்குறிப்புகள். ஐசனாவரைத் தாக்கிய வெல்ச்சின் நூலில் 100 பக்கம் நூற்பட்டியலும் குறிப்புகளும். உண்மைகளைச் சேர்ப்பதில் தவறில்லை. கடைசி உண்மையிலிருந்து முடிவுக்குத் தாவும் அந்த ஒரு பாய்ச்சலில்தான் தவறு என்பது அவர் தரும் பாடம். அடிக்குறிப்பு மிகுந்தால் உண்மை மிகும் என்று நம்பும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை இல்லை.

தம் சொல்லாட்சிக்கு ஆசிரியர் வரம்பும் கட்டினார். மருத்துவப் பொருளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை என்றார். மனநலமுள்ள சாதாரண மக்கள் இப்படிப் பேசுவதே இதை முக்கியமாக்குகிறது என்றார். இது வலதுசாரிக்கு மட்டும் உரியதல்ல, நல்ல நோக்கத்துக்கும் இந்தப் பாணி பயன்பட்டதுண்டு என்றும் குறிப்பிட்டார்.

கோல்ட்வாட்டர் தேர்தல்

1964 ஜூலையில் குடியரசுக் கட்சி அரிசோனாவின் செனட்டர் பேரி கோல்ட்வாட்டரை வேட்பாளராக்கியது. அவர் அவ்வாண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். நவம்பரில் லிண்டன் ஜான்சன் 61 விழுக்காடு வாக்குகளும் 486 தேர்வாளர் வாக்குகளும் பெற்று வென்றார். கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை 52 தேர்வாளர் வாக்குகள். சொந்த மாநிலமும் தென்கோடி மாநிலங்கள் ஐந்தும் மட்டுமே.

தொகுப்பின் பிற கட்டுரைகள் கோல்ட்வாட்டரின் ஆதரவாளர்களைப் ‘போலிப் பழமைவாதிகள்’ என்ற பெயரில் ஆராய்கின்றன. இந்தச் சொல் தியோடர் அடோர்னோவும் பிறரும் 1950-இல் வெளியிட்ட உளவியல் ஆய்விலிருந்து வந்தது. பழமையைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் அமைப்பையே இவர்கள் வெறுக்கிறார்கள் என்பது அதன் பொருள். பொருளாதார நலனுக்காகப் போராடுவது நலன் அரசியல், சமூகத்தில் தம் இடம் நழுவுகிறதே என்ற கவலையில் பிறப்பது அந்தஸ்து அரசியல் என்றும் ஹாஃப்ஸ்டாட்டர் பிரித்தார். வளமான காலத்தில் இரண்டாவது தலைதூக்கும் என்றார்.

இங்கே அவருடைய பிடி தளர்கிறது. பாணியை ஆராயும்போது கண்ணெதிரே நூல்களும் உரைகளும் இருந்தன. மனத்தை ஆராயத் தொடங்கியதும் ஊகமே மிஞ்சியது. ‘சட்டத்தை எதிர்க்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மறுமொழி கூறாமல், ‘உன் அந்தஸ்துக் கவலையால் இப்படிப் பேசுகிறாய்’ என்பது வாதம் அல்ல. அது வாதத்தைத் தவிர்க்கும் வழி. எதிராளி சொல்வதன் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கிறது என்று எப்போதும் காண்பதே ஐயப்பித்துப் பாணியின் இலக்கணம் என்று கற்பித்தவர், அதன் மென்மையான ஒரு வடிவத்துக்குத் தாமே இடம் கொடுத்துவிட்டார்.

எதிர் வாதங்கள்

ஹாஃப்ஸ்டாட்டரை மறுத்தவர்களில் முக்கியமானவர்கள் அவருடைய துறையினரே. 1890-களின் உழவர் இயக்கமான மக்கள் கட்சியைச் சதிக்கதை மனப்பான்மையின் ஊற்றாக அவர் ‘சீர்திருத்தக் காலம்’ நூலில் சித்தரித்திருந்தார். அவருடைய நண்பர் சி. வான் வுட்வர்ட் இதை ஏற்கவில்லை. தெற்கில் அந்தக் கட்சி வெள்ளை உழவரையும் கறுப்பின உழவரையும் ஒன்றாக நிறுத்த முயன்றதை நினைவூட்டினார். மைக்கேல் ரோகின் 1967-இல் வெளியிட்ட ஆய்வு வாக்குக் கணக்குகளை எடுத்துக்கொண்டது. பழைய மக்கள் கட்சியின் ஆதரவுப் பகுதிகள் மெக்கார்த்தியின் ஆதரவுப் பகுதிகளாக மாறவில்லை என்றும், மெக்கார்த்தியின் பலம் வழக்கமான குடியரசுக் கட்சியினரிடமே இருந்தது என்றும் காட்டியது. இது ஹாஃப்ஸ்டாட்டரின் கருத்துக்கு விழுந்த வலுவான அடி.

2001-இல் லிசா மக்கிர் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தைப் பற்றி எழுதிய நூல் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அங்கே கோல்ட்வாட்டருக்காக வீடு வீடாகச் சென்றவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். பாதுகாப்புத் தொழிற்சாலைகளை அண்டி வளர்ந்த புறநகர்களில் வாழ்ந்த படித்த, வசதியான நடுத்தர வகுப்பினர் அவர்கள். 1964-இல் தோற்ற இயக்கம் 1966-இல் ரொனால்ட் ரீகனைக் கலிஃபோர்னியாவின் ஆளுநராக்கியது. 1980-இல் அவரையே நாட்டின் தலைவராக்கியது. நோய்க்குறியைத் தேடிய கண்ணுக்கு அமைப்பு வேலை தெரியாமல் போயிற்று.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹாஃப்ஸ்டாட்டர் இந்த இயக்கம் மறைந்துவிடும் என்று எண்ணி நிம்மதியடைந்தவர் அல்லர். 1954-இல் எழுதிய கட்டுரையிலேயே, கட்டுக்கோப்பும் பணபலமும் உள்ள ஒரு சிறுபான்மை, அறிவார்ந்த அரசியலையே நடக்கவிடாத சூழலை உருவாக்கிவிட முடியும் என்று எச்சரித்திருந்தார். ஆபத்தின் அளவை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் காரணத்தைத்தான் தவறான இடத்தில் தேடினார்.

1968: கொலம்பியா

அறுபதுகளின் அரசியல் அவருடைய வாசலுக்கே வந்தது. அவர் ஒதுங்கி நின்றவர் அல்லர். 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மான்ட்காமரிக்கு நடந்த வாக்குரிமை நடைப்பயணத்தில் சக வரலாற்றாளர்களுடன் கலந்துகொண்டார். வியட்நாம் போரின் விரிவாக்கத்தையும் எதிர்த்தார். ஆனால் ஏப்ரல் 23, 1968 அன்று கொலம்பியா மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கைப்பற்றத் தொடங்கியபோது அவர் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஏப்ரல் 30 அதிகாலையில் காவல்துறை உள்ளே புகுந்து சுமார் 700 பேரைக் கைது செய்தது. பலர் காயமடைந்தனர்.

ஜூன் 4 அன்று பட்டமளிப்பு விழா நடந்தது. வழக்கமாக உரையாற்றும் பல்கலைக்கழகத் தலைவர் அவ்வாண்டு பேசவில்லை. ஹாஃப்ஸ்டாட்டர் பேசினார். அவர் எழுந்து நின்றதும் பட்டதாரிகளில் நூற்றுக்கணக்கானோர் எழுந்து வெளியேறித் தங்கள் மாற்று விழாவுக்குச் சென்றனர். மீதமிருந்தவர்களிடம் அவர் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று விளக்கினார். அது கருத்துகளை அஞ்சாமல் ஆராயும் இடம்; யாரும் பலாத்காரம் செய்யமாட்டார்கள் என்ற பொது இணக்கத்தின்மேல் நிற்பதால் மிக எளிதில் உடையக்கூடியது; போரும் நகரங்களின் துயரமும் மாணவர் சினத்துக்குக் காரணமாக இருந்தாலும் அந்தச் சினத்துக்குப் பல்கலைக்கழகத்தைப் பலியிடலாகாது என்பதே அவ்வுரையின் சாரம். அதிகாரப் பகிர்வும் சீர்திருத்தமும் தேவை என்பதையும் அவர் மறுக்கவில்லை.

இந்த உரையைச் சிலர் கோழைத்தனம் என்றனர். சிலர் துணிவு என்றனர். உரையில் இருப்பது ஓர் ஆசிரியரின் குரல். மாணவர்களின் போர் எதிர்ப்பை அவர் ஏற்றார். வகுப்பறையைப் பிணையாக வைப்பதை ஏற்கவில்லை. அதே அளவு அழுத்தத்தோடு காவல்துறையின் தடியடியைப் பற்றியும் பேசியிருந்தால், வெளியேறியவர்களில் சிலராவது நின்று கேட்டிருக்கக்கூடும்.

முறையான எதிர்க்கட்சி (1969)

‘ஒரு கட்சி முறையின் கருத்து’ 1969-இல் வெளிவந்தது. 1780 முதல் 1840 வரை அமெரிக்காவில் முறையான எதிர்க்கட்சி என்ற எண்ணம் எப்படி வளர்ந்தது என்பதே இதன் பொருள். அவருடைய நூல்களில் குறைவாகப் பேசப்பட்டது. ஆனால் அறுபதுகளின் கேள்விக்கு அவர் தந்த சிறந்த விடை இதுதான்.

நாட்டை நிறுவியவர்கள் கட்சிகளை வெறுத்தார்கள். வாஷிங்டன் 1796-இல் விடைபெறும்போது கட்சி உணர்வை எதிர்த்து எச்சரித்தார். 1798-இல் ஆட்சியிலிருந்த ஃபெடரலிஸ்டுகள் ஜெஃபர்சனின் ஆதரவாளர்களைப் பிரான்சின் கையாட்கள் என்று நம்பி, அரசை விமர்சிப்பதையே குற்றமாக்கும் தேசத்துரோகச் சட்டம் இயற்றினார்கள். ஜெஃபர்சன் 1801-இல் அமைதியாக ஆட்சிக்கு வந்தார். அவரும் எதிர்க்கட்சியை நிலையான அமைப்பாக ஏற்கவில்லை. அதன் உறுப்பினர்களைத் தம் பக்கம் ஈர்த்துக் கரைத்துவிடவே விரும்பினார். அடுத்த தலைமுறையில்தான் மாற்றம் வந்தது. நியூயார்க்கின் மார்ட்டின் வான் பியூரனும் அவர் தோழர்களும் அரசியலையே தொழிலாகக் கொண்டவர்கள். கட்சி என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய தீமை அல்ல, மக்களாட்சிக்கு வேண்டிய நன்மை என்று அவர்கள் கண்டனர். இன்று தோற்றால் நாளை வெல்லலாம் என்ற நம்பிக்கை இருந்தால் எதிராளியைத் துரோகி என்று அழைக்கத் தேவையில்லை.

1798 என்ற ஆண்டு இரண்டு நூல்களிலும் வருவது கவனிக்கத்தக்கது. முதல் நூலில் அது இலுமினாட்டி அச்சத்தின் ஆண்டு. இரண்டாவதில் அது எதிர்க்கட்சியைச் சிறையில் அடைக்க முயன்ற ஆண்டு. இரண்டையும் சேர்த்தால் ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஐயப்பித்துப் பாணி விளிம்பில் நிற்போரின் நோய் மட்டும் அல்ல. நாட்டின் மிக மதிப்புக்குரிய தலைவர்களும் போதகர்களும், எதிர்ப்பை ஏற்கும் ஒழுங்கு உருவாகாத காலத்தில், அதே பாணியில்தான் சிந்தித்தார்கள். அதற்கு மருந்து மனநல ஆய்வு அல்ல. எதிராளியும் இந்த நாட்டுக்காரனே என்று ஏற்க வைக்கும் அமைப்புகள். ஹாஃப்ஸ்டாட்டர் இந்த இணைப்பை வெளிப்படையாக முன்வைத்திருந்தால் 1965 நூலின் குறையைத் தாமே திருத்தியவர் ஆகியிருப்பார்.

வன்முறை (1970)

டெட்ராய்ட் கலவரம் (1967), மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி கொலைகள் (1968) ஆகியவற்றுக்குப் பின் அவர் மைக்கேல் வாலஸுடன் இணைந்து ‘அமெரிக்க வன்முறை: ஓர் ஆவண வரலாறு’ என்ற தொகுப்பை 1970-இல் வெளியிட்டார். வாலஸ் அவருடைய மாணவர். 1968 போராட்டத்தின் பக்கம் நின்றவர். அந்தப் பிளவுக்குப் பிறகும் ஆசிரியரும் மாணவரும் ஒரே நூலில் பெயர் சேர்த்தது சிறிய செய்தி அல்ல.

அமெரிக்க வரலாறு வன்முறை நிறைந்தது, ஆனால் அமெரிக்கர் அதை மறந்துவிடுகிறார்கள் என்பது முன்னுரையின் கருத்து. வன்முறையின் பெரும்பகுதி அரசுக்கு எதிராக நிகழவில்லை. வலுவான குழுவினர் கறுப்பினத்தவர், குடியேறியோர், தொழிலாளர் மீது ஏவியது அது. அரசைக் குறிவைக்காததால் அது எளிதில் மறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் ‘அமெரிக்கன் ஹெரிடேஜ்’ இதழில் அமெரிக்காவைத் துப்பாக்கிப் பண்பாட்டு நாடாக ஆராயும் அவருடைய கட்டுரை வந்தது. அந்த மாதமே இரத்தப் புற்றுநோயால் 54-ஆம் வயதில் இறந்தார். மூன்று தொகுதிகளாக எழுதத் திட்டமிட்ட அமெரிக்க அரசியல் வரலாற்றின் தொடக்கப் பகுதி மட்டும் ‘1750-இல் அமெரிக்கா’ என்ற பெயரில் 1971-இல் வெளியானது.

இந்தக் கடைசி எழுத்துகளில் ‘கருத்தொற்றுமை’ என்ற பழைய முத்திரை பொருந்தவில்லை. ஒரே நம்பிக்கை கொண்ட மக்கள் என்று 1948-இல் அவர் வரைந்த படத்தில் இரத்தம் இல்லை. 1970-இல் அதை அவரே வரைந்து சேர்த்தார்.

மதிப்பீடு

ஹாஃப்ஸ்டாட்டர் ஆவணக் காப்பகங்களில் நெடுநாள் உட்கார்ந்து தேடிய வரலாற்றாளர் அல்லர். அச்சான நூல்களையும் பிறர் ஆய்வுகளையும் படித்துப் புதிய கேள்வி எழுப்புவதே அவர் திறமை. ஆகவே அவருடைய முடிவுகள் பல திருத்தப்பட்டுவிட்டன. உழவர் இயக்கம் பற்றியும், மெக்கார்த்தியின் ஆதரவாளர் பற்றியும் அவர் சொன்னதை இன்று அப்படியே ஏற்க முடியாது. கேள்விகள் மட்டும் பழையனவாகவில்லை. படித்தவரை மக்களாட்சி ஏன் ஐயுறுகிறது? ஆதாரம் குவிந்தும் உண்மை ஏன் தவறிப்போகிறது? தோற்றவர் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க எப்போது பழகுகிறார்?

அவர் உருவாக்கிய சொல்லுக்கு நேர்ந்த கதி அவருடைய வாசகர்களுக்கு ஒரு பாடம். பாணியைக் குறிக்க வந்த சொல் ஆளைக் குறிக்கும் வசவாக மாறியது. ஒருவர் பேச்சில் சதிக்கதையின் சாயல் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். 313 அடிக்குறிப்புகளில் தாவல் எங்கே நிகழ்ந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். அதுவே ஹாஃப்ஸ்டாட்டர் தம் சிறந்த பக்கங்களில் செய்தது. ‘நீ நோயாளி’ என்று சொல்லி நகர்ந்துவிட்டால், எதிராளியைப் பேச்சுக்கு வெளியே தள்ளியதாகிவிடும். 1798-இல் ஃபெடரலிஸ்டுகள் செய்ததும் அதுதான்.

1963, 1965 நூல்களை மட்டும் படிப்பவர் ஹாஃப்ஸ்டாட்டரைப் பாதிதான் அறிவார். 1969 நூலையும் உடன் வைத்துப் படிப்பது நல்லது. அவருடைய அறுபதுகள் ஐயத்தை ஆராய்வதில் தொடங்கி, எதிர்ப்பை மதிக்கும் கலையைத் தேடுவதில் முடிந்தன. இரண்டாவது வேலையே கடினமானது. அதைத் தொடர அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.